பிளாட்பாரத்தில் ஓர் ஆள் குறைந்தது

1

இந்த ஊருக்குக் குடிவந்து பத்து வருடம் ஆகிவிட்டது. பத்தாம் வருடம் நிறைந்த வாரமே நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாழ்த்து அல்ல. எங்கள் வீட்டு முன்வேலிச் செடி அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதாம், நடைபாதையில் போகிறவர்களுக்கு இடைஞ்சலாம், வெட்டிவிட்டால் மகிழ்வார்களாம். கடிதம் 'மிஸ் ஆறுமுகம்' என்ற பெயருக்கு வந்திருந்தது. ஆறுமுகம் என் அப்பா. விசா எடுக்கும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று அந்தக் கட்டத்துக்கு எப்படி விளக்குவது? அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து மருத்துவமனை, வங்கி, பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். இதைச் சொன்னபோது அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கவரப்பேட்டையத் தாண்டாத பேரு, லண்டன் வரிக்கும் போயிடுச்சா?" என்றார்.

லண்டன் என்று சொல்வது சும்மா. லண்டனுக்கு வடக்கே, ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கிற ஊர் இது. நம் தொலைக்காட்சியில் வீட்டுமனை விற்பவர்கள் 'சென்னைக்கு மிக அருகில்' என்று சொல்வார்களே, அப்படி லண்டனுக்கு மிக அருகில். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. நான் எழுதப்போகிற மனிதர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்.

2

பணம் உள்ள ஊர். கடைத்தெருவில் வரிசையாக வீட்டுத் தரகர்களின் கடைகள். நடுநடுவே ஒரு ரொட்டிக் கடை, ஒரு பூக்கடை, நாய்களுக்கு முடிவெட்டும் கடை ஒன்று. வீட்டின் விலையைச் சொல்லும்போது அறை எத்தனை என்பதைவிட ஸ்டேஷன் எத்தனை நிமிடம் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். ஊருக்கு வெளியே வயல்களில் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களைப் பிடிக்காது. நானும் வந்த மூன்றாம் வருடத்திலேயே, ஸ்டேஷனில் வண்டி நிறுத்த இடமில்லை, புதிதாக வருகிறவர்களால்தான் எல்லாம், என்று புலம்பத் தொடங்கிவிட்டேன்.

காலையில் ஊரே ஸ்டேஷனுக்கு நடக்கும். ஏழு பத்து வண்டி. பிளாட்பாரத்தில் எங்கே நின்றால் கதவு நேராக வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவரவர் இடத்தில் அவரவர் நிற்போம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. வந்த புதிதில் ஒருநாள் பக்கத்தில் நின்ற அம்மாளிடம், என் கணவர் சேகர் வெளியூர் போயிருக்கிறார் என்பதை நம்மூர் ஆபீஸ் இங்கிலீஷில் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று சொன்னேன். அந்த அம்மாள் ஸ்டேஷன் வாசலைத் திரும்பிப் பார்த்து, "உள்ளே வரச் சொல்லுங்களேன், குளிராக இருக்கிறதே" என்றார். அதற்குப் பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

என் இடத்துக்கு இடது பக்கம் ஆறு வருடமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெயில் காலத்திலும் கையில் நீளமான கறுப்புக் குடை வைத்திருப்பார். பெயர் தெரியாததால் நானே குடைக்காரர் என்று வைத்துக்கொண்டேன். எங்களுக்குள் இருந்த பழக்கமெல்லாம் அவர் தலையை லேசாக அசைப்பார், நானும் அசைப்பேன், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை, பனி கொட்டி வண்டிகள் நின்றுபோன மாலையில், இருவரும் ஒரே திசையில் நடந்தோம். அன்றும் பேசவில்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு முன்னால், நீலக் கதவு போட்ட வீட்டுக்குள் அவர் திரும்பினார். தலையை அசைத்தார். நானும் அசைத்தேன்.

3

கல்யாணத்துக்கு முன்னால் நான் எங்கள் கிராமத்திலிருந்து வந்து பொன்னேரியில் ரயில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் கிளம்பி வரும் காலை யூனிட் ரயில், பெண்கள் பெட்டி. ரெஜினா அக்கா கும்மிடிப்பூண்டியிலேயே ஏறிவிடுவார். அவர் கணவரும் என் அப்பாவும் சிப்காட்டில் ஒரே இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ரெஜினா அக்காவுக்குப் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. பொன்னேரியில் ஏறும் எங்களுக்குக் கைப்பை, டிபன் டப்பா, துப்பட்டா என்று கிடைத்ததை எல்லாம் போட்டு சீட்டுப் பிடித்து வைத்திருப்பார்.

அந்தப் பெட்டியை நினைத்து நான் ஏங்குகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிம்மதியே கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அத்திப்பட்டு வருவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். மீஞ்சூரில் ஏறுகிறவர் வந்ததும் வராததுமாக, "கவலப்படாத கண்ணு, அவன் மூஞ்சியே சரியில்லியாமே" என்பார். பேஜாரான பெட்டி.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மூன்று நாள் வரவில்லை என்றால், சாயங்காலம் திரும்பும்போது நாலைந்து பேர் அவள் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கே போவார்கள். போன் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தடவை அப்படி அனுப்பம்பட்டில் ஒருத்தி வீட்டுக்குப் போனோம். அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. எங்களிடம் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவோம் என்று ஒளிந்துகொண்டிருந்தாள். கேசரி சாப்பிட்டுவிட்டு, அவளை ஆளுக்கொரு திட்டுத் திட்டிவிட்டு வந்தோம்.

என் வீட்டுக்கும் வந்தார்கள். கம்பெனியில் அப்பாவின் வலது கை உருளையில் மாட்டிக்கொண்ட வாரம் அது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நான் வேலைக்குப் போகவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு சாயங்காலம், வாடிய மல்லிகையும் காலி டிபன் பையுமாக ஏழு பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பாதிப் பேருக்கு எங்கள் ஊர்ப் பெயரே அன்றுதான் தெரியும். அதுவரை அம்மா கல் மாதிரி இருந்தார். அவர்கள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்த பிறகுதான் அழுதார். எனக்கு அன்று மூச்சு வந்தது.

4

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை குடைக்காரர் வரவில்லை. லீவு போட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க வரவில்லை. அடுத்த வாரமும் என் இடது பக்கம் காலியாகவே இருந்தது. யாரும் அங்கே வந்து நிற்கவும் இல்லை. நான் தினமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் சொன்னேன். சேகர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "வேற வண்டில போவாரு, இல்ல வேலய மாத்திட்டுருப்பாரு. உனக்கு இன்னா?" என்றார்.

என் மகள் மதிக்குப் பதினைந்து வயது. தமிழ் பேசுவாள், யோசித்து யோசித்து, கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடப்பதுபோல. "அம்மா, அவர் பேர் கூட உங்களுக்குத் தெரியாது. இங்க யாரும் அப்படி வீட்டுக்குப் போய்க் கேக்க மாட்டாங்க. அது க்ரீப்பி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினா அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் இன்னும் அதே வண்டியில்தான் போகிறார், ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி. பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னேன்.

"எத்தினி நாளா ஆளக் காணோம்?"

"ரெண்டு வாரம் ஆவப்போவுதுக்கா."

"ரெண்டு வாரமா! நீ இன்னாடி பண்ணிக்கினு கீற? ஊடு தெரியும்ன்ற, போயிப் பாக்கறதுக்கு இன்னா?"

"இந்த ஊர்ல அப்டிப் போனா தப்பா நெனச்சிக்குவாங்கக்கா."

"நெனச்சிக்கினா நெனச்சிக்கினு போறான். ஒடம்பு சரியில்லாம உழுந்து கெடந்தா? போயிட்டு வந்து சொல்லு."

புதன்கிழமை எனக்கு வீட்டிலிருந்து வேலை. பதினோரு மணிக்குக் கணினியை மூடிவைத்தேன். உடம்பு முடியாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. கடைத்தெருவில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு நீலக் கதவைத் தட்டினேன்.

அவர் மனைவி திறந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். ஸ்டேஷனில் உங்கள் கணவர் பக்கத்தில் நிற்பவள், அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்க்க வந்தேன் என்றேன்.

அவர் சிரித்தார். "மார்ட்டினுக்கா? நன்றாக இருக்கிறாரே. வேலைக்குப் போயிருக்கிறார். எப்போதும்போல ஏழு பத்துக்கு."

ஆறு வருடம் பக்கத்தில் நின்றவரின் பெயர் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் வளர்ந்த யாராக இருந்தாலும் அந்த இடத்தில், "அப்படியா, நான்தான் கவனிக்கவில்லை போலிருக்கிறது" என்று சொல்லி நழுவியிருப்பார்கள். எனக்குப் பெட்டியில் பழகிய வாய். "இல்லையே, இரண்டு வாரமாக அவர் பிளாட்பாரத்துக்கே வரவில்லையே" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாளின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தார். ஆப்பிள் பையை வாங்கிக்கொண்டு, மிகவும் நன்றி என்றார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு வேலை போய்விட்டிருக்கிறது. வீட்டில் சொல்லாமல் தினமும் கோட்டும் குடையுமாகக் கிளம்பி எங்கேயோ போய்வருகிறார். அதை நான் ஆப்பிளோடு கொண்டுபோய் வாசலில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

5

சேகர், "தேவையா இது?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் பள்ளியிலிருந்து வந்த மதி நிறுத்தவில்லை. அந்த வீட்டுப் பெண் எம்மா, இவளோடு பள்ளி நாடகக் குழுவில் இருப்பவளாம். எனக்கு அது தெரியாது. மகளின் சிநேகிதிகள் யார் யார் என்று தெரியாத அளவுக்கு நானும் இந்த ஊர்க்காரி ஆகியிருக்கிறேன் போல.

"எம்மா இன்னிக்கு ஒத்திகைக்கு வரல. அவங்க வீட்ல ராத்திரி எல்லாம் சண்டை. உங்களாலதான். நீங்க எப்பவும் இப்படித்தான், எல்லாரும் உங்க டிரெயின் ஃப்ரெண்ட்ஸ்னு நினைக்கறீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். கடைசி வாக்கியத்தை இங்கிலீஷில் இன்னொரு முறையும் சொன்னாள், எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறது? இந்த ஊரில் வீடு, பள்ளிக்கூடம், வாசலில் நிற்கும் கார், எல்லாமே அந்த ஏழு பத்து வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அது நின்றால் எதுவும் நிற்காது. அந்த மனிதர் அவமானம் தாங்காமல் ஏதாவது செய்துகொண்டால்? ஒரு குடும்பத்தை நான் உடைத்துவிட்டேனா? சமைக்கும்போதும் குளிக்கும்போதும் இதே நினைப்பு.

ரெஜினா அக்காவிடம் சொன்னேன். வண்டியில் இருந்தார். பின்னால் யாரோ வேர்க்கடலை விற்கும் சத்தம். முழுவதையும் கேட்டார்.

"சரி, உள்ள போயி உக்காந்தியா?"

"இல்லக்கா. வாசல்லியே நின்னு பேசிட்டு வந்துட்டேன்."

"வாசல்ல நின்னியா? போலீஸ்காரன் கூட உள்ள வந்து உக்காந்துதான்டி கேப்பான். அந்தப் பொம்பளகிட்ட அவ்ளோ பெரிய விசயத்தச் சொல்லிட்டு, அப்டியே உட்டுட்டு வந்துட்டியா?"

"அவங்கதான் கதவ மூடிட்டாங்கக்கா."

"மூடத்தான் செய்வாங்க. நீ போனது தப்பில்ல. போன வேலைய பாதில உட்டுட்டு வந்துட்ட, அவ்ளோதான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க மட்டும் இன்னா வாழுது? பொன்னேரி சுத்தி அபார்ட்மெண்டா கட்டித் தள்ளிட்டான். புச்சா ஏர்றதுங்க எல்லாம் காதுல மாட்டிக்கினு கண்ண மூடிக்கினு வர்துங்க. போன மாசம் எனக்குக் காய்ச்சலு, ஒரு வாரம் போவல. ஒருத்தி வந்து எட்டிப் பாக்கல தெரியுமா?"

"சொல்லிருந்தா நான் போனாவது பண்ணிருப்பேனேக்கா" என்றேன்.

"நான் சொல்லி நீ கேட்டா, அதுக்குப் பேரு எட்டிப் பாக்கறதாடி?" என்றார். எண்ணூர் தாண்டியதும் லைன் போய்விட்டது.

6

அதற்குப் பிறகு நான் பிளாட்பாரத்தின் மறுகோடிக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். காலியாக இருக்கும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான். நீலக் கதவுத் தெருவையும் சுற்றிக்கொண்டு போனேன். உள்ளே போய் உட்கார வேண்டும் என்று ரெஜினா அக்கா சொன்னது சரிதான், ஆனால் இரண்டாம் முறை அந்தக் கதவைத் தட்டும் தைரியம் எனக்கு இல்லை. மதி என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். எம்மா ஒத்திகைக்குத் திரும்பி வந்துவிட்டாள், இவளோடு மட்டும் பேசுவதில்லை என்று தெரிந்தது.

நவம்பரில் ஒரு காலை, மூடுபனி. நான் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தேன். பிளாட்பாரத்தின் நீளத்துக்கும் நடந்து ஒருவர் என்னை நோக்கி வந்தார். கோட்டு இல்லை, குடை இல்லை, பழுப்பு நிற ஸ்வெட்டர். பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் மார்ட்டின் என்று தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் திட்டப்போகிறார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"உங்கள் இடத்தை மாற்றிக்கொண்டுவிட்டீர்கள்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊர் வழக்கம், யோசிக்காமல் சொல்லிவிட்டேன், உங்கள் வீட்டில் பிரச்சினை வரும் என்று நினைக்கவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம், கார் நிறுத்துமிடத்தைக் கை காட்டினார்.

"நான் வெளியே எங்கும் போகவில்லை. வேலை போன மறுநாளிலிருந்து அங்கேதான் இருந்தேன், காரில். அங்கிருந்து பிளாட்பாரம் நன்றாகத் தெரியும். என்னோடு இத்தனை வருடம் நின்றவர்கள் எல்லோரும் வண்டி வந்ததும் ஏறிப் போனார்கள். நான் இல்லாதது எதையும் மாற்றவில்லை. நீங்கள் ஒருவர்தான் என் இடத்தைத் திரும்பிப் பார்த்தீர்கள். மறுநாளும் பார்த்தீர்கள்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள்மேல் எனக்கு மிகவும் கோபம்" என்றார்.

"தெரியும். நான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது."

"அதற்கும் கோபம்தான். ஒரு வாரம் இருந்தது. அதற்கு முன்னால் வேறொரு கோபம் இருந்தது. தினமும் திரும்பிப் பார்க்கிறாரே, வீடும் தெரியும், ஏன் இன்னும் வந்து கேட்கவில்லை என்று."

ஏழு பத்து வந்து நின்றது. கதவு சரியாக எனக்கு நேராகத் திறந்தது. பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். நான் ஏறவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சைக் காட்டி, உட்காரலாமா என்று கேட்டேன். அவர் உட்கார்ந்து தன் மனைவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பேசி முடிப்பதற்குள் அடுத்த வண்டியும் வந்து போயிற்று.